உறை மோர் எங்கிருந்து வந்தது? பூட்ஸ்ட்ராப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் பழுதுபார்க்கும் மேசை போட்டிருக்கிறேன். இன்வெர்ட்டர், படகு ஜெனரேட்டர், மைக் செட் ஆம்ப்ளிஃபையர் எல்லாம் இங்கே வரும். பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று எந்த ஊர்க்காரர் வந்தாலும் சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. வேலை பழகும் தம்பிகள் கேட்பதும் அதுவே. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். முதல் சில கேள்விகள் எல்லாருக்கும். போகப் போக சால்டரிங் அயர்ன் பிடிப்பவர்களுக்கு.

பூட்ஸ்ட்ராப்னா என்னண்ணே? ஷூ வாரா?

ஆமாம், பெயர் அங்கிருந்துதான் வந்தது. முழங்கால் வரை வரும் பூட்ஸை இழுத்து மாட்டுவதற்கு அதன் மேல் விளிம்பில் ஒரு வார் இருக்கும். அந்த வாரைப் பிடித்து இழுத்துத் தன்னையே தரையிலிருந்து தூக்கிக்கொள்வது நடக்காத காரியம் என்பதற்கு ஆங்கிலத்தில் சொன்ன பேச்சு அது. பிறகு, வெளித்துணை அதிகம் இல்லாமல் தானே எழுந்து நிற்கும் எதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மின்சாரத்தில், ஒரு கருவி தன்னுடைய வெளியீட்டின் ஒரு பங்கை எடுத்துத் தன்னையே இயக்கவோ தன் வோல்டேஜை உயர்த்தவோ பயன்படுத்தினால் அது பூட்ஸ்ட்ராப்.

எனக்கு வாரைவிட உறை மோர்தான் பொருத்தமாகத் தெரிகிறது. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைய பாலைத் தயிராக்குகிறது. இன்றைய தயிர் நாளைக்கு உறை. தயிர் தன்னைத் தானே உண்டாக்கிக்கொள்கிற மாதிரிதான் இருக்கும், ஆனால் அந்த முதல் கரண்டி பக்கத்து வீட்டிலிருந்து வந்தாக வேண்டும். கிணற்று மோட்டாருக்கு முதலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் காற்றை எடுப்பதும் அப்படியே. தண்ணீர் எடுக்கும் இயந்திரத்துக்கே முதலில் தண்ணீர் வேண்டும்.

கீழே வரும் எல்லாப் பழுதிலும் நான் முதலில் தேடுவது அந்த உறையைத்தான். இதற்கு முதல் துளி எங்கிருந்து வருகிறது, அது வந்து சேர்ந்ததா? இந்தக் கேள்வியைக் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

அப்போ ஒரு தடவை உறை ஊத்திட்டா மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒன்னை ஒன்னு சுத்திக்கிட்டே இருக்காதா? வீடியோவில் காட்டுறாங்களே.

இருக்காது. தயிர் ஆக உறை மட்டும் போதாது, பாலும் வேண்டும். உறை தொடங்கி வைக்கிறது, பால்தான் தயிராகிறது. ஜெனரேட்டரில் பால் என்பது டீசல் எஞ்சின் தரும் சுழற்சி. டிவி சப்ளையில் அது சுவர் பிளக்கில் வரும் 230 வோல்ட். அதை நிறுத்திவிட்டால் சூட்டிலும் உராய்விலும் போகும் நட்டத்தை ஈடுகட்ட ஆள் கிடையாது, சில நொடிகளில் எல்லாம் நின்றுவிடும். வீடியோவில் ஓடுகிறது என்றால் எங்கேயோ மறைவாக ஒரு பேட்டரியோ வயரோ இருக்கிறது. அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

கம்ப்யூட்டர் 'பூட்' ஆகுதுன்னு சொல்றதும் இதுதானா?

அதேதான், பூட்ஸ்ட்ராப் என்பதன் சுருக்கம். நினைவகத்தில் ஒரு நிரலை ஏற்ற இன்னொரு நிரல் வேண்டும். அந்த முதல் சின்ன நிரலை அழியாத சிப்பில் முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். அதுதான் கம்ப்யூட்டரின் உறை மோர்.

தடைக்காலம் முடிஞ்சு படகு ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணினேன். எஞ்சின் நல்லா ஓடுது, கரண்ட் மட்டும் வரல. காயில் போயிருச்சா?

ஜூன் நடுவில் என் மேசைக்கு அதிகமாக வரும் கேள்வி இது. மீன்பிடித் தடைக்காலம் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். காயில் போயிருக்கும் என்று அவசரப்பட்டுக் கழற்றிவிடாதீர்கள்.

ஜெனரேட்டர் மின்சாரம் தயாரிக்கக் காந்தப்புலம் வேண்டும். அந்தக் காந்தப்புலத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயிலுக்கு மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தை ஜெனரேட்டரே தருகிறது. சுழற்றத் தொடங்கும்போது இரும்பில் ஒட்டியிருக்கும் மிச்சக் காந்தம் ஒரு சில வோல்ட்டை உண்டாக்கும், அது ஃபீல்டுக்குப் போய்க் காந்தத்தைக் கூட்டும், கூடிய காந்தம் வோல்டேஜை இன்னும் கூட்டும். இப்படி ஏறி ஏறி 230-க்கு வந்து, அங்கே ரெகுலேட்டர் பிடித்து நிறுத்தும். 1866-67 வாக்கில் ஜெர்மனியில் வெர்னர் வான் சீமென்ஸும், இங்கிலாந்தில் வீட்ஸ்டோனும் வார்லியும் தனித்தனியே இந்த வழியைக் கண்டார்கள். நிலைக்காந்தம் வைத்த சின்ன இயந்திரங்களிலிருந்து பெரிய டைனமோவுக்குப் போக முடிந்தது இதனால்தான்.

இரண்டு மாதம் சும்மா கிடந்தால் மிச்சக் காந்தம் குறைந்து போகலாம். ஆனால் நம் கரையில் அதைவிட அடிக்கடி நான் பார்ப்பது பிரஷ்ஷுக்கும் ஸ்லிப் ரிங்குக்கும் நடுவில் படிந்த உப்புப் பூச்சு. சுழலும் காயிலின் வளையம் ஸ்லிப் ரிங், அதில் உரசிக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு பிரஷ். தொடக்கத்தில் இருப்பதே சில வோல்ட்தான், அந்தப் பூச்சைத் தாண்ட அதற்குத் தெம்பு இருக்காது. அதனால் முதலில் ஸ்லிப் ரிங்கை மெல்லிய சாண்ட் பேப்பரால் துடைத்து, பிரஷ் தாராளமாக ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பாதிக்கு மேல் அதிலேயே சரியாகிவிடும். ஸ்டார்ட் பண்ணும்போது லோடு எதுவும் போடாதீர்கள். எஞ்சின் முழு வேகத்துக்கு வர வேண்டும். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே எவ்வளவு நேரம் ஓட்டினாலும் வோல்டேஜ் ஏறாது.

பேட்டரியை வெச்சுத் தொட்டா வந்துரும்னு சொன்னாங்க. எப்படித் தொடணும்?

போன மிச்சக் காந்தத்தைத் திருப்பித் தருவதுதான் அது. ஃபீல்டு பிளாஷிங் என்போம். பிரஷ் சுத்தம் செய்தும் வரவில்லை என்றால் மட்டும் செய்யுங்கள். எஞ்சினை நிறுத்தி, ஃபீல்டு வயர் இரண்டையும் ரெகுலேட்டரிலிருந்து கழற்றுங்கள். 12 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஃபீல்டு பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் சில நொடி வைத்து எடுங்கள். எடுக்கும்போது காயில் ஒரு பொறி தட்டும், அதனால் வெறுங்கையால் நுனியைப் பிடிக்க வேண்டாம். டீசல் ஆவியும் பெட்ரோல் ஆவியும் அடைத்துக் கிடக்கும் எஞ்சின் அறையில் இதைச் செய்யவே வேண்டாம். அப்புறம் வயரைப் பழையபடி மாட்டி ஓட்டிப் பாருங்கள்.

பிளஸ் மைனஸ் மாறக்கூடாது. பழைய டிசி டைனமோவில் மாற்றித் தொட்டால் வெளியீடே தலைகீழாக வரும், பேட்டரியும் கருவிகளும் அடிபடும்.

ஆல்டர்னேட்டர் சார்ஜ் லைட் பல்பு பியூஸ் போயிருச்சு. பல்புதானேன்னு விட்டுட்டேன். இப்போ பேட்டரி ஏறல. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது. ஆல்டர்னேட்டர் என்பது எஞ்சினோடு சுற்றிப் பேட்டரியை ஏற்றும் ஜெனரேட்டர். சாதாரண ஆல்டர்னேட்டரில் அந்தப் பல்பு அடையாள விளக்கு மட்டும் இல்லை. சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து அந்தப் பல்பு வழியாகத்தான் ரோட்டர் என்ற சுழலும் பகுதியின் காயிலுக்கு முதல் கரண்ட் போகிறது. 12 வோல்ட்டில் 2, 3 வாட் பல்பு என்றால் சுமார் 0.2 ஆம்பியர். அதுதான் உறை. சுற்றத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் தானே ஃபீல்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கொள்ளும், பல்பின் இரு பக்கமும் வோல்டேஜ் சமமாகிப் பல்பு அணையும்.

பல்பு போய்விட்டால் மிச்சக் காந்தம் ஒன்றை நம்பித்தான் எழ வேண்டும். உள்ளே ஒருவழிக் கதவு மாதிரி இருக்கும் டையோடுகளைத் தாண்டவே ஒன்றரை வோல்ட் அளவுக்கு வேண்டும். அதனால் சிலருக்கு ஆக்சிலேட்டரை ஒருமுறை முழுக்க ஏற்றினால் சார்ஜ் ஆகத் தொடங்கும், ஐடிலில் ஆகாது. இந்தப் பல்பு இடத்தில் எல்இடி போடுபவர்களும் உண்டு. எல்இடி விடும் சில மில்லி ஆம்பியர் போதாது. அதே வாட் பல்பையே போடுங்கள். ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ்ஸும் அந்தப் பேட்டரியை நம்பித்தான் கடலில் இருக்கின்றன.

டிவி பவர் சப்ளை 'டிக் டிக்'னு அடிக்குது. லைட் வந்து வந்து போகுது, ஆன் ஆகல.

உறை ஊற்றியாகிவிட்டது, ஆனால் பால் தயிராகவில்லை. பழைய சப்ளைகளில் சப்ளையை இயக்கிக் கட்டுப்படுத்தும் யூசி3842 ஐசியை அதிகம் பார்க்கலாம், அதை வைத்துச் சொல்கிறேன். 230 வோல்ட்டை டிசி ஆக்கினால் சுமார் 325 வோல்ட். அதிலிருந்து 220 கிலோ ஓம் போன்ற பெரிய ரெசிஸ்டர் வழியாக ஒரு மில்லி ஆம்பியர் சொச்சம் கரண்ட் கசிந்து வந்து ஒரு கெப்பாசிட்டரை நிரப்பும். அதில் 16 வோல்ட் சேர்ந்ததும் ஐசி கண் விழிக்கும். விழித்ததும் அதற்குப் பத்து மில்லி ஆம்பியருக்கு மேல் வேண்டும், அதை அந்த ரெசிஸ்டரால் தர முடியாது. கெப்பாசிட்டரில் சேர்ந்ததைத் தின்றுகொண்டே டிரான்ஸ்ஃபார்மரை இயக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் துணைச் சுற்று ஒன்று ஐசிக்குத் திருப்பி ஊட்டத் தொடங்க வேண்டும். அதற்குள் வோல்டேஜ் 10-க்குக் கீழே போய்விட்டால் ஐசி தூங்கிவிடும். திரும்ப நிரம்பும், விழிக்கும், தூங்கும். நீங்கள் கேட்கும் டிக் டிக் அதுதான்.

முதலில் அந்தக் கெப்பாசிட்டரை மாற்றுங்கள். சூட்டில் காய்ந்து போயிருக்கும். பிறகு துணைச் சுற்றின் டையோடு. அதுவும் சரி என்றால் வெளியீட்டுப் பக்கம் ஷார்ட் இருக்கலாம். டிக் சத்தமே இல்லாமல் செத்த மாதிரி கிடந்தால் பெரும்பாலும் தொடக்க ரெசிஸ்டர் ஓபன், அதாவது உள்ளே அறுந்திருக்கும். ஒன்று முக்கியம்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த 325 வோல்ட் லைனின் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். மீட்டரில் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

எல்லாப் பொருளையும் செக் பண்ணிட்டேன், எல்லாம் நல்லாயிருக்கு. ஆனா ஸ்டார்ட் ஆகல. வெயில்ல காய வெச்சா மட்டும் ஓடுது. பேய் பிடிச்ச போர்டா?

கடலோரத்துப் போர்டு. நம் உப்புக் காற்று எல்லா இடத்தையும் ஒரே மாதிரி கெடுப்பதில்லை. ஆம்பியர் கணக்கில் கரண்ட் ஓடும் இடத்தில் ஒரு மில்லி ஆம்பியர் கசிந்தால் யாருக்கும் தெரியாது. முந்தைய பதிலில் சொன்ன தொடக்கப் பாதையில் மொத்தமே ஒரு மில்லி ஆம்பியர்தான். அதில் பாதியைப் பிசுபிசுத்த உப்புப் படலம் தின்றுவிட்டால் 16 வோல்ட் ஒருநாளும் சேராது. ஈரம் காய்ந்ததும் கசிவு நிற்கும், ஓடும். மறுபடி வாடைக்காற்று அடித்தால் மறுபடி நிற்கும். பூட்ஸ்ட்ராப் பாதைகள் எல்லாமே இப்படி மெலிந்தவை. அதனால்தான் உப்பு முதலில் அங்கே கடிக்கிறது.

இதில் பலரும் செய்யும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். ஸ்பிரிட் ஊற்றித் தேய்த்துவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். உப்பு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். முதலில் டிஸ்டில்டு வாட்டரும் மெல்லிய பிரஷ்ஷும் கொண்டு கழுவுங்கள். பேட்டரிக்கு ஊற்ற வாங்குவோமே, அது. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றித் தண்ணீரை வெளியேற்றி, நன்றாகக் காய வைத்து, மேலே கன்ஃபார்மல் கோட்டிங் என்ற ஈரம் புகாத பூச்சை அடியுங்கள். நம் ஊர் போர் தண்ணீரில் மட்டும் கழுவிவிடாதீர்கள். அதிலேயே உப்பு இருக்கிறது.

இன்வெர்ட்டர் பிரிட்ஜில் மேல் மாஸ்ஃபெட்டுக்கு மட்டும் ஏன் தனியா ஒரு டையோடு, ஒரு கெப்பாசிட்டர்? கீழ இருக்கிறதும் அதே மாஸ்ஃபெட்தானே?

மாஸ்ஃபெட் அதேதான், அது நிற்கும் இடம் வேறு. மாஸ்ஃபெட் என்பது வோல்டேஜால் திறந்து மூடும் ஸ்விட்ச். கேட் அதைத் திறக்கும் கால், சோர்ஸ் கரண்ட் வெளியேறும் கால். பிரிட்ஜின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மாஸ்ஃபெட் மேலும் கீழுமாக நிற்கும், அவை சேரும் இடம் நடுப்புள்ளி. என்-சேனல் மாஸ்ஃபெட் ஆன் ஆக அதன் கேட், சோர்ஸைவிட 10 முதல் 15 வோல்ட் உயரத்தில் இருக்க வேண்டும். கீழ் மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் தரையில் இருப்பதால் 12 வோல்ட் போதும். மேல் மாஸ்ஃபெட் ஆன் ஆனதும் அதன் சோர்ஸ் பஸ் என்கிற 380 வோல்ட் டிசி லைனோடு சேர்ந்து மேலே போய்விடும். இப்போது கேட்டுக்கு 392 வோல்ட் வேண்டும். போர்டிலேயே அவ்வளவு பெரிய சப்ளை கிடையாது.

அதற்குத்தான் அந்தக் கெப்பாசிட்டர். கீழ் மாஸ்ஃபெட் ஆனில் இருக்கும்போது நடுப்புள்ளி தரைக்கு வரும். அப்போது டையோடு வழியாகக் கெப்பாசிட்டர் 12 வோல்ட் குடித்துக்கொள்ளும். மேல் மாஸ்ஃபெட் ஆன் ஆகி நடுப்புள்ளி மேலே போகும்போது கெப்பாசிட்டரும் கூடவே மேலே போகும், டையோடு பின்னால் கதவை அடைத்துவிடும். படகில் நட்ட கொடிக்கம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடல் எவ்வளவு ஏறினாலும் தளத்திலிருந்து கொடியின் உயரம் மாறுவதில்லை. பாலத்திலிருந்து பார்ப்பவருக்குத்தான் கொடி உயர்ந்த மாதிரி தெரியும்.

அந்த இடத்துல 380 வோல்ட் இருக்குங்கிறீங்க, போட்டிருக்கிறதோ 25 வோல்ட் கெப்பாசிட்டர். வெடிக்காதா?

வெடிக்காது. கெப்பாசிட்டரின் இரண்டு காலும் சேர்ந்தே ஏறுகின்றன, அவற்றுக்கு நடுவில் எப்போதும் 12 வோல்ட்தான். முழு 380-ஐத் தாங்குவது டையோடு. அதற்கு 600 வோல்ட்டுக்குக் குறையாமல் போடுங்கள்.

அப்படின்னா 1என்4007 போடலாமே, 1000 வோல்ட் தாங்கும்ல? போட்டேன், மாஸ்ஃபெட் வெடிச்சுருச்சு.

வோல்டேஜ் தாங்கும், வேகம் போதாது. 1என்4007 என்பது 50 ஹெர்ட்ஸ் வேலைக்குச் செய்த டையோடு. கதவை அடைக்க அதற்குப் பல மைக்ரோ செகண்ட் ஆகும். 20 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு சுற்றே 50 மைக்ரோ செகண்ட்தான். கதவு மூடுவதற்குள் 380 வோல்ட் திரும்பிப் பாய்ந்து 12 வோல்ட் லைனையும், மாஸ்ஃபெட் கேட்டுகளை இயக்கும் டிரைவர் ஐசியையும் அடித்துவிடும். அதே உருவத்தில் யூஎஃப்4007 கிடைக்கும், 75 நேனோ செகண்டில் மூடும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கடையில் கேட்கும்போது முன்னெழுத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். '4007' என்று மட்டும் கேட்டால் பழையதைத்தான் கொடுப்பார்கள்.

கெப்பாசிட்டர் எவ்வளவு போடணும்? ஒரு பக்கம் 1 மைக்ரோ, இன்னொரு பக்கம் 10 மைக்ரோ இருக்கு. பிரிண்ட் தப்பா?

தப்பில்லை. கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் மனதில் நிற்கும். ஐஆர்எஃப்840-இன் கேட் ஒருமுறை ஆன் ஆக அதிகபட்சம் 63 நேனோ கூலும் சார்ஜ் குடிக்கும். 1 மைக்ரோ ஃபாரட்டிலிருந்து அதை எடுத்தால் 0.06 வோல்ட்தான் குறையும். 20 கிலோ ஹெர்ட்ஸில் ஓடும் பக்கத்துக்கு அது தாராளம், ஏனென்றால் 50 மைக்ரோ செகண்டுக்கு ஒருமுறை திரும்ப நிரம்புகிறது.

சைன் வேவ் இன்வெர்ட்டர் போர்டுகள் பலவற்றில் பிரிட்ஜின் ஒரு கால் (ஒரு பக்கத்து மாஸ்ஃபெட் ஜோடி) மட்டும் வேகமாக ஸ்விட்ச் ஆகும், மற்ற கால் 50 ஹெர்ட்ஸில் மாறும். அந்த மெதுவான காலில் மேல் மாஸ்ஃபெட் ஒரே மூச்சில் 10 மில்லி செகண்ட் ஆனில் நிற்க வேண்டும். அவ்வளவு நேரமும் டிரைவர் ஐசி கெப்பாசிட்டரிலிருந்து குடித்துக்கொண்டே இருக்கும். ஐஆர்2110 என்றால் அதிகபட்சம் 230 மைக்ரோ ஆம்பியர். 10 மில்லி செகண்டில் 2.3 மைக்ரோ கூலும். 1 மைக்ரோ போட்டிருந்தால் 2.3 வோல்ட் இறங்கிவிடும். டையோடு ஏற்கெனவே தின்றது போக, கேட் அரைகுறையாகத் திறந்து மாஸ்ஃபெட் கொதிக்கும். 10 மைக்ரோ போட்டால் இறக்கம் 0.23 தான். இந்த இடத்திலும் உப்புப் படலம் இருந்தால் கணக்கு மொத்தமும் பொய்யாகிவிடும், மேலே சொன்னபடி கழுவுங்கள்.

மேல் மாஸ்ஃபெட்டை எப்பவும் ஆன்லேயே வெச்சுக்க முடியுமா?

இந்த முறையில் முடியாது. நடுப்புள்ளி தரைக்கு வந்தால்தான் கெப்பாசிட்டர் நிரம்பும். வராவிட்டால் மெல்ல வடிந்து, 8 வோல்ட் சொச்சத்துக்கு வந்ததும் ஐஆர்2110 தானாகவே கேட்டை அணைத்துவிடும். அது பாதுகாப்புக்காக வைத்தது, பழுது இல்லை. அதே காரணத்தால் தொடக்கத்தில் முதலில் கீழ் மாஸ்ஃபெட்டைத்தான் ஆன் பண்ண வேண்டும். சொந்தமாக புரோகிராம் எழுதும் தம்பிகள் இதை மறந்துவிட்டு 'மேல் பக்கம் வேலை செய்யவில்லை' என்று வருகிறார்கள். தொடர்ந்து ஆனில் வேண்டும் என்றால் தரையோடு சேராத தனிச் சின்ன ஐசொலேட்டட் சப்ளையோ, கெப்பாசிட்டரை இடைவிடாமல் நிரப்பும் சார்ஜ் பம்ப் சர்க்யூட்டோ வையுங்கள்.

மைக் செட் ஆம்ப்ளிஃபையர்ல சத்தம் குறைஞ்சு கரகரங்குது. ஐசி மாத்தியும் போகல.

ஐசியைச் சுற்றியுள்ள பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டரை மாற்றினீர்களா? எல்ஏ4440 போன்ற பழைய ஐசிகளில் அவுட்புட்டிலிருந்து 100 மைக்ரோ ஃபாரட் ஒன்று திரும்ப ஐசிக்கே போகும். மேல் பக்க டிரான்சிஸ்டரை முழுக்கத் திறக்க அதன் பேஸுக்கு சப்ளையைவிடக் கொஞ்சம் அதிக வோல்டேஜ் வேண்டும். அவுட்புட் மேலே போகும்போது இந்தக் கெப்பாசிட்டர் கூடவே ஏறி அதைத் தருகிறது. கொடிக்கம்பக் கதைதான் இங்கேயும். 12 வோல்ட்டில் ஓடும் விளம்பர ஆட்டோ ஆம்ப்ளிஃபையரில் ஒரு வோல்ட் இழந்தாலும் காதுக்குத் தெரியும். கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டால் அலையின் மேல் பாதி மட்டும் தட்டையாகும், கரகரப்பு அங்கிருந்து வருகிறது. சந்தனக்கூட்டுக்கும் திருவிழாவுக்கும் செட்டை வெளியே எடுக்கும் முன் இந்தக் கெப்பாசிட்டர்களைப் பார்த்துவிடுங்கள்.

இன்புட்ல பூட்ஸ்ட்ராப் பண்ணா 100 கே ரெசிஸ்டர் 5 மெக் ஆகுதுன்னு படிச்சேன். ரெசிஸ்டர் எப்படிண்ணே வளரும்?

வளராது, வளர்ந்த மாதிரி சிக்னலுக்குத் தெரியும். ரெசிஸ்டரின் ஒரு முனையில் சிக்னல் ஆடுகிறது. உள்ளே வரும் அலையைக் கிட்டத்தட்ட அப்படியே வெளியே தரும் டிரான்சிஸ்டர் சர்க்யூட்டான எமிட்டர் ஃபாலோவரின் அவுட்புட்டை எடுத்து மறுமுனையையும் அதே தாளத்தில் ஆட்டினால் இரு முனைக்கும் நடுவில் வித்தியாசம் மிகக் குறைவு, அதனால் கரண்டும் மிகக் குறைவு. ஃபாலோவரின் கெய்ன், அதாவது உள்ளே வருவதில் எத்தனை மடங்கு வெளியே போகிறது என்பது, 0.98 என்றால் மிச்சம் 0.02, 100 கிலோ ஓம்மை அதால் வகுத்தால் 5 மெகா ஓம். அதிர்வைச் சிக்னலாக்கும் பீசோ பிக்கப் மாதிரி பலவீனமான மூலங்களுக்கு இது பெரிய உதவி. கெய்ன் எங்காவது ஒரு அதிர்வெண்ணில் ஒன்றைத் தாண்டினால் ஊளையிடத் தொடங்கும், அதை மட்டும் கவனியுங்கள்.

மாடியில சோலார் போட்டிருக்கேன். உச்சி வெயில்ல கரண்ட் போனா அதுவும் நின்னுடுது. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை. கிரிட்டோடு (ஊர்களையும் மின்நிலையங்களையும் இணைக்கும் மின்வலையோடு) இணைந்த இன்வெர்ட்டர் லைனில் வரும் 50 ஹெர்ட்ஸ் அலையைப் பார்த்துத்தான் தன் அலையைப் பொருத்துகிறது. பால் குடம் நிறைய இருக்கிறது, உறை லைனிலிருந்து வர வேண்டும். தவிர, லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறுபவர் உயிர் இருக்கிறது. அதனால் லைன் போனதும் நின்றாக வேண்டும் என்பது விதி. கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் சூரியப் பூங்காவும் கிரிட்டோடு இணைந்து ஓடுவதுதான். கரண்ட் போனாலும் வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் கேளுங்கள். அது லைனிலிருந்து வீட்டைத் துண்டித்துவிட்டுத் தன் அலையைத் தானே உண்டாக்கும்.

சரி, மாநிலம் முழுக்கவே கரண்ட் போயிருச்சுன்னா? மின்நிலையத்துக்கு யார் கரண்ட் குடுப்பா?

இதைக் கேட்டவர் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. மின்நிலையம் ஓட பம்பு, விசிறி, கட்டுப்பாட்டு அறை எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். வழுதூரில் இருப்பது போன்ற எரிவாயு டர்பைன் தானாக எழுந்து சுற்றாது. அது தரும் சக்தியில் பாதிக்கு மேல் அதன் கம்ப்ரெசரே எடுத்துக்கொள்ளும். குறிப்பிட்ட வேகம் வரும்வரை வெளியிலிருந்து ஏதாவது சுற்றிவிட வேண்டும்.

இருட்டிலிருந்து எழுவதை பிளாக் ஸ்டார்ட் என்கிறார்கள். பேட்டரி ஒரு டீசல் ஜெனரேட்டரை எழுப்பும், டீசல் நீர்மின் நிலையத்தின் மதகையோ எரிவாயு டர்பைனையோ எழுப்பும். தண்ணீர் மேலேயே தேங்கி நிற்பதால் நீர்மின் நிலையத்துக்கு மிகக் குறைந்த உறை போதும், அதனால் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குவார்கள். அங்கிருந்து ஒரு லைனை உயிர்ப்பித்து அனல்மின் நிலையத்துக்குக் கரண்ட் அனுப்பி, அது எழுந்ததும் ஊர்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். 2012 ஜூலை 30, 31-இல் வட இந்தியா இருண்டபோது இப்படியும், கரண்ட் இருந்த பக்கத்து கிரிட்டிலிருந்து வாங்கியும் மீட்டார்கள். அப்போது தென்னிந்திய கிரிட் தனியாக ஓடியதால் நமக்குப் பாதிப்பில்லை. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாக நம்மையும் ஒன்றாக இணைத்துவிட்டார்கள். இன்று பக்கத்து மாநிலம் நமக்கு உறை கொடுக்கும், நாம் அவர்களுக்குக் கொடுப்போம்.